கூப்பன் விற்ற அன்று வரியா, பொருள் கொடுத்த அன்று வரியா?

நகைக்கடையில் 10,000 ரூபாய்க்குப் பரிசு வவுச்சர் வாங்குகிறீர்கள். காகிதத்தில் அச்சடித்த வவுச்சர் என்றால் 12 சதவீதம் ஜிஎஸ்டி. காந்தப்பட்டை ஒட்டிய அட்டை என்றால் 18 சதவீதம். அதைக் கொடுத்து எடுக்கப்போகும் தங்கத்துக்கோ 3 சதவீதம்தான். கேலிக்காகச் சொன்ன கணக்கல்ல இது. கல்யாண் ஜுவல்லர்ஸ் கேட்ட கேள்விக்குத் தமிழ்நாட்டின் ஜிஎஸ்டி முன்தீர்ப்பு ஆணையம் 2019-இல் சொன்ன பதில். வவுச்சரையே ஒரு சரக்காக எடுத்துக்கொண்ட ஆணையம், காகிதத்தை அச்சுப் பொருள்களின் வரிசையிலும் அட்டையைக் காந்தப்பட்டை அட்டைகளின் வரிசையிலும் சேர்த்து, அந்தந்த வரிசைக்குரிய விகிதத்தைப் போட்டது.

அந்தப் பதில் நிற்கவில்லை. ஆனால் அது தவறு என்று நாடு முழுக்கத் தெளிவாகச் சொல்லப்பட 2024 டிசம்பர் 31 வரை ஆயிற்று. பெரிய நிறுவனங்களுக்கு வழக்கறிஞர் உண்டு, மேல்முறையீடு உண்டு. தீபாவளிக்கு 500 ரூபாய் கூப்பன் அடித்து விற்கும் இனிப்புக்கடைக்கும், மகளிர் தினத்துக்கு வவுச்சர் போடும் அழகு நிலையத்துக்கும் ஆடிட்டர் சொல்வதுதான் சட்டம். ஒருவர் “விற்ற அன்றே கட்டிவிடு” என்பார். இன்னொருவர் “பொருள் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்பார். அன்றிருந்த சட்டத்தில் இரண்டுக்குமே இடம் இருந்தது.

ஜிஎஸ்டி என்பது சரக்கோ சேவையோ கைமாறும்போது விழும் வரி. வாடிக்கையாளர் 1,000 ரூபாய் கொடுத்து ஒரு சீட்டை வாங்கிப் போகிறார். அங்கே கைமாறியது என்ன? சீட்டே விற்பனைப் பொருள் என்று வாதிடலாம். சீட்டு வெறும் ரசீது, வாங்கியது முன்பணம் என்றும் வாதிடலாம். சீட்டும் பணம் மாதிரிதான், ரூபாய் நோட்டுக்குப் பதில் கடையின் நோட்டு என்றும் சொல்லலாம். இந்த மூன்றையும் நம் நாட்டின் ஏதோ ஓர் ஆணையமோ நீதிமன்றமோ ஏதோ ஒரு கட்டத்தில் சொல்லியிருக்கிறது.

2017-இல் ஜிஎஸ்டி வந்தபோதே சட்டம் வவுச்சரைப் பற்றிப் பேசியது. 2(118) பிரிவு அதற்கு விளக்கம் தந்தது: பொருளுக்கோ சேவைக்கோ விலையாக, அல்லது விலையின் ஒரு பகுதியாக, ஏற்றுக்கொண்டே ஆகவேண்டிய ஆவணம், கிடைக்கப்போவது என்ன, அல்லது கொடுக்கப்போவது யார் என்பது அதிலோ அதன் நிபந்தனைகளிலோ இருக்க வேண்டும். எப்போது வரி என்பதைச் சரக்குக்கு 12(4) பிரிவும் சேவைக்கு 13(4) பிரிவும் சொல்லின. கூப்பன் கொடுக்கும்போதே எந்தப் பொருள் என்று அடையாளம் தெரிந்தால் கொடுத்த நாளில் வரி. தெரியாவிட்டால் கூப்பனைக் கொடுத்துப் பொருள் எடுக்கும் நாளில். படிக்க எளிமைதான். ‘அடையாளம் தெரிந்தால்’ என்பதில்தான் சிக்கல். நகைக்கடை வவுச்சர் என்றால் நகை என்று தெரியும். சங்கிலியா, கம்மலா என்று தெரியாது. இது அடையாளம் தெரிந்ததா, தெரியாததா?

தெரிந்ததுதான் என்றது 2021-இல் தமிழ்நாட்டின் மேல்முறையீட்டு ஆணையம். வவுச்சர் சரக்கும் அல்ல, சேவையும் அல்ல என்று முதல் தவறைத் திருத்தியது. ஆனாலும் வவுச்சர் கொடுத்த நாளிலேயே நகைக்குரிய விகிதத்தில் வரி கட்டச் சொன்னது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இதை மாற்றியது. இன்ன நகை என்று குறிப்பிட்டுக் கொடுத்த வவுச்சருக்கு மட்டுமே கொடுத்த நாளில் வரி. பொதுவான வவுச்சர் என்றால் நகை எடுக்கும் நாளில்தான் என்றது. கர்நாடகத்திலும் இதே கதை வேறு வடிவில் நடந்தது. வவுச்சர்களை மொத்தமாக வாங்கி நிறுவனங்களுக்கு விற்கும் பிரீமியர் சேல்ஸ் புரமோஷன் நிறுவனத்திடம் 18 சதவீதம் கேட்டார்கள். வவுச்சருக்கெனத் தனி மதிப்பு இல்லை, அது பணத்துக்கு ஈடானது, அதை விற்பதற்கு வரி இல்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

இத்தனை சுற்று தேவையே இல்லை என்பது என் எண்ணம். ஜிஎஸ்டி வருவதற்கு முன்பே, 2015-இல், சொடெக்சோ வழக்கில் உச்ச நீதிமன்றம் விஷயத்தை முடித்துவைத்திருந்தது. ஊழியர்களுக்கு நிறுவனங்கள் கொடுக்கும் உணவு வவுச்சரைச் சரக்காகக் கருதி உள்ளாட்சி வரி போட முயன்றது கோலாப்பூர் மாநகராட்சி. வவுச்சர் சரக்கே அல்ல, அதைக் கொடுத்து வாங்கும் உணவுதான் சரக்கு என்றது நீதிமன்றம். காகிதத்துக்கு 12 சதவீதம் போட்டவர்கள் இந்தத் தீர்ப்பை மனதில் வைத்திருந்தால் அந்த உத்தரவு பிறந்தே இருக்காது.

கடைசியில் 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சால்மரில் கூடிய 55-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் இதைக் கையில் எடுத்தது. பத்தே நாளில் 243 என்ற எண்ணிட்ட சுற்றறிக்கை வந்தது. ரிசர்வ் வங்கி அங்கீகரித்த முன்பணக் கருவியாக இருந்தால் வவுச்சர் பணம். மற்ற வவுச்சர் எல்லாம், வைத்திருப்பவர் சட்டப்படி கேட்டுப் பெறக்கூடிய ஓர் உரிமை. பணத்துக்கும் ஜிஎஸ்டி கிடையாது. லாட்டரி, சூதாட்டம் போன்றவை நீங்கலாக அத்தகைய உரிமைக்கும் கிடையாது. எப்படிப் பார்த்தாலும் வவுச்சர் விற்பது வரிக்கு உட்பட்ட செயல் இல்லை. அதைக் கொடுத்து எடுக்கும் சரக்குக்கும் சேவைக்கும்தான் வரி. 2025-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 12(4), 13(4) இரண்டையும் நீக்கிவிட்டது. அக்டோபர் 1 முதல் நீக்கம் நடைமுறைக்கு வந்தது.

தன் கடைக்கு மட்டும் செல்லும் கூப்பன் அடிக்க ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். வேண்டாம். உங்கள் கடையில் மட்டும் செல்லுபடியாகும், ரொக்கமாகத் திருப்பித் தராத கூப்பன், அனுமதி கேட்க வேண்டிய கட்டண முறைகளில் சேராது. பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து இருவர் கடையிலும் செல்லும் கூப்பன் போட நினைத்தால் விஷயம் வேறு. அதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் 2019 ஜனவரி முதல் வேறு வழியில் போகின்றன. எந்த விகித வரி, எந்த நாட்டில் என்பது விற்கும்போதே தெரிந்தால் அது ஒற்றைப் பயன் வவுச்சர். விற்ற அன்றே வரி. தெரியாவிட்டால் பல்பயன் வவுச்சர், பயன்படுத்தும்போது வரி. லண்டனில் எல்லாச் சேவைக்கும் 20 சதவீதம் வசூலிக்கும் அழகு நிலையத்தின் கூப்பன் முதல் வகை. புத்தகத்துக்குச் சுழியமும் சூடான காப்பிக்கு 20 சதவீதமுமாக விற்கும் புத்தகக்கடையின் கூப்பன் இரண்டாவது வகை. இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. நம் மேல்முறையீட்டு ஆணையம் 2021-இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் முதல் வகைக் கூப்பனை யாரும் பயன்படுத்தாமலே போனாலும் கட்டிய வரி போனதுதான். அமெரிக்க மாநிலங்களில் இந்தப் பேச்சே இல்லை. விற்பனை வரி உள்ள இடங்களில் கிஃப்ட் கார்டைப் பணம் மாதிரி நடத்துகிறார்கள். பொருள் எடுக்கும்போது வரி. இந்தியா இப்போது வந்து நிற்பது இதற்குப் பக்கத்தில்.

இனி கல்லாவுக்கு வருவோம். கரூரில் ஒரு சிறிய ஜவுளிக்கடை, ஜிஎஸ்டி பதிவு உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 ரூபாய் கூப்பனோடு ஒருவர் வந்து 2,700 ரூபாய் ரெடிமேட் சுடிதார் எடுக்கிறார். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை இருந்தால் ஆடைக்கு 5 சதவீதம், மேலே போனால் 18. ஆக வரி 486, மொத்தம் 3,186. கூப்பன் போக 2,186 ரூபாயை வாடிக்கையாளர் ஜிபேயில் அனுப்ப வேண்டும். பில் முழுத் தொகைக்கு. கூப்பன் அதில் வருவது ‘பணம் வந்த விதம்’ என்ற இடத்தில் மட்டும். ரொக்கம் இவ்வளவு, யுபிஐ இவ்வளவு என்று எழுதுவது போல.

பல கடைகளில் நடப்பது வேறு. பில் போடும் பையன் கூப்பனைத் தள்ளுபடி என்ற கட்டத்தில் அடித்துவிடுகிறான். 2,700-இல் 1,000 போக 1,700. மென்பொருள் உடனே 5 சதவீதத்துக்கு இறங்குகிறது; வரி 85. 401 ரூபாய் குறைந்துவிட்டது. வாடிக்கையாளருக்குச் சந்தோஷம். நூறு கூப்பன் இப்படிப் போனால், ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்பது வெறும் வித்தியாசத்தை மட்டுமல்ல, வட்டியையும் அபராதத்தையும் சேர்த்து.

இதே கட்டத்தில் நியாயமாக வரக்கூடிய கூப்பனும் உண்டு. “3,000-க்கு வாங்கினால் அடுத்த முறைக்கு 200 ரூபாய் கூப்பன் இலவசம்” என்று கொடுக்கிறீர்களே, அதற்கு யாரும் உங்களுக்குப் பணம் தரவில்லை. அது தள்ளுபடிதான். பில்லிலேயே காட்டிவிட்டால் 15(3) பிரிவின்படி குறைத்த தொகைக்கு வரி போதும். ஒரே அளவுத் தாளில், ஒரே அச்சகத்தில், ஒரே நிறத்தில் இரண்டு கூப்பனையும் அடிக்கும் கடைகளில்தான் கல்லா குழம்புகிறது. காசு வாங்கிக் கொடுத்த கூப்பனுக்கு ஒரு நிறம், இலவசத்துக்கு வேறு நிறம் என்று வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

கம்பெனிக்காரர்கள் தரும் கூப்பன் மூன்றாவது ரகம். சோப்புக் கம்பெனி பத்து ரூபாய்க் கூப்பன் போடுகிறது. வாடிக்கையாளரிடம் கடைக்காரர் பத்து ரூபாய் குறைத்து வாங்குகிறார். அந்தப் பத்தைக் கம்பெனி பின்னால் தந்துவிடுகிறது. விலை முழுதாகக் கைக்கு வந்துவிட்டது. யார் கொடுத்தாலும் விலை விலைதான். வரி முழுத் தொகைக்கு.

கூப்பனையே மலிவாக விற்பவர்களும் உண்டு: “900 ரூபாய் கொடுங்கள், 1,000 ரூபாய்க்குப் பொருள் எடுங்கள்.” பொருளின் மதிப்பு 1,000-மா, 900-மா? வவுச்சரைக் கொடுத்தால் கிடைக்கும் பொருளின் பணமதிப்பைத்தான் எடுக்க வேண்டும் என்றது விதி 32(6), அதன்படி 1,000. இந்த விதியையும் நீக்கும்படி ஜெய்சால்மரில் கவுன்சில் பரிந்துரைத்தது. விதி இல்லாவிட்டால் உண்மையில் கைக்கு வந்த விலை, அதாவது 900, என்று வாதிடலாம். பிரிட்டனின் ஆர்கோஸ் கடை தள்ளுபடியில் விற்ற வவுச்சர் விஷயத்தில் ஐரோப்பிய நீதிமன்றம் 1996-இலேயே, கைக்கு வந்த தொகைக்குத்தான் வரி என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் 5 சதவீத விகிதத்தில் இந்த வாதத்தால் மிச்சமாவது கூப்பனுக்கு 5 ரூபாய். அதற்காக நோட்டீஸ் வாங்க வேண்டாம். கூப்பனை 900 என்றே கணக்கில் வைத்து, பொருள் எடுக்கும் பில்லில் 100 ரூபாயைத் தள்ளுபடியாகக் காட்டுவது சுத்தமான வழி.

கூப்பன் விற்ற பணம் விற்பனை இல்லை என்றால் கணக்குப் புத்தகத்தில் அது எங்கே உட்காரும்? கடையின் கடனாக. டேலியில் நடப்புப் பொறுப்புகளின் கீழ் ‘கிஃப்ட் வவுச்சர்’ என்று ஒரு கணக்குத் திறந்து, விற்கும்போது வரவு வைத்து, பொருள் போகும்போது கழித்துக்கொண்டே வர வேண்டும். கூடவே ஒரு பதிவேடு: வரிசை எண், விற்ற தேதி, தொகை, பின்னால் பொருள் எடுத்த பில் எண். இதைச் சலிப்பான வேலை என்று விட்டுவிடக் கூடாது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வழியாக வந்த தொகையைப் பார்த்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூருக் கடைகளில் ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று சீட்டு ஒட்டியதும் நினைவிருக்கும். கூப்பனுக்காக வந்த யுபிஐ பணமும் வங்கிக் கணக்கில் மற்றப் பணம் போலத்தான் தெரியும். அது விற்பனை இல்லை என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பதிவேடுதான்.

பதிவு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கடைகளுக்கு இது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்போருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். மார்ச்சில் விற்ற கூப்பனுக்கு ஏப்ரலில் பொருள் போனால், அந்தத் தொகை அடுத்த ஆண்டின் விற்றுமுதலில் சேரும். எல்லைக்குள் இருந்து பதிவு செய்யாத கடை கூப்பனுக்கும் சரி, பொருளுக்கும் சரி, ஜிஎஸ்டி என்று ஒரு பைசா வாங்கக் கூடாது.

யாரும் கொண்டுவராமல் காலாவதியான கூப்பனுக்கு? வரி இல்லை என்று அதே சுற்றறிக்கை சொல்லிவிட்டது. பொருளும் போகவில்லை, சேவையும் நடக்கவில்லை. வருமான வரி வேறு கதை. திருப்பித் தர வேண்டாம் என்று ஆன பணம் கடையின் வருமானம்தான்.

மொபைல் கடைகள் பிறர் நிறுவனங்களின் வவுச்சரை விற்கின்றன. சொந்தப் பணம் போட்டு 950-க்கு வாங்கி 1,000-க்கு விற்றால் அந்த 50-க்கு ஜிஎஸ்டி இல்லை. கம்பெனியின் முகவராக விற்றுக் கமிஷன் வாங்கினால் கமிஷனுக்கு வரி உண்டு. இரண்டிலும் கையில் நிற்பது அதே 50 ரூபாய்தான்; ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

தீராமல் நிற்பது சேவைக்காரர்களின் கேள்வி. சரக்குக்கு வாங்கும் முன்பணத்துக்கு வரி வேண்டாம் என்று 2017 நவம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத எல்லாக் கடைக்கும் இது பொருந்தும். ஆகவே ஜவுளிக்கடைக் கூப்பனை யாராவது முன்பணம் என்று சொன்னாலும் பாதகம் இல்லை. சேவைக்கு அந்தச் சலுகை கிடையாது. பில் போட்ட நாள், பணம் வாங்கிய நாள் இரண்டில் எது முந்தியதோ அன்றே வரி என்கிறது 13(2). திருச்சியில் ஓர் அழகு நிலையம் “ஃபேஷியலும் ஹேர் ஸ்பாவும், 2,000 ரூபாய்” என்று அச்சடித்து விற்கிறது. இது வவுச்சரா, முன்பணமா?

வவுச்சர்தான் என்பதற்கு 2(118) பிரிவே துணை: கொடுக்கப்போகும் சேவை இன்னது என்று எழுதியிருப்பதையும் அது வவுச்சர் என்றே அழைக்கிறது. முன்பணம்தான் என்பவர்களுக்கும் பிடி இருக்கிறது: சேவை தெரியும், விலை தெரியும், பணம் வந்துவிட்டது, இனி என்ன பாக்கி? முன்பு இந்தக் கேள்விக்கு 13(4) நேரடியாகப் பதில் சொன்னது. பிரிவை நீக்கியபோது கொடுத்த நாளில் வரி என்ற பாதியோடு, பயன்படுத்தும் நாளில் வரி என்று எழுதியிருந்த பாதுகாப்பான பாதியும் சேர்ந்து போய்விட்டது. சுற்றறிக்கையின் போக்கு வவுச்சர் பக்கம் சாய்கிறது என்பதே என் வாசிப்பு. ஆனால் மணப்பெண் அலங்காரத்துக்கு நாள் குறித்து, நேரம் குறித்து, 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அதற்கு ‘வவுச்சர்’ என்று பெயர் வைத்தால் எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். அது அட்வான்ஸ், ரசீது கொடுத்து அந்த மாதமே வரி கட்ட வேண்டியது.

2025 செப்டம்பர் 22 அன்று அழகு நிலையச் சேவைக்கான வரி 18-லிருந்து 5 ஆனபோது இந்த வித்தியாசம் பையில் தெரிந்தது. ஆகஸ்டில் பணம் வாங்கி அப்போதே பில்லும் போட்டவருக்கு, சேவை அக்டோபரில் நடந்தாலும் 18 சதவீதம். பணத்தை மட்டும் வாங்கி, பில்லைச் சேவை முடிந்த பிறகு போட்டவருக்கு 5. வெறும் ரூபாய்த் தொகை எழுதிய கூப்பன் விற்றவருக்கு இந்தக் கணக்கே தேவைப்படவில்லை. வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்த நாளில் இருந்த விகிதம்தான்.

அதனால் சேவை தரும் கடைக்காரர் கூப்பனில் என்ன அச்சடிக்கிறார் என்பதில்தான் பாதி வரிக் கேள்வி அடங்கியிருக்கிறது. “ஒரு ஃபேஷியல், ஒரு ஹேர் ஸ்பா” என்பதற்குப் பதில் “2,000 ரூபாய், எங்கள் நிலையத்தின் எந்தச் சேவைக்கும் செல்லும், ரொக்கமாகத் திருப்பித் தரப்பட மாட்டாது, ஓராண்டுக்குள் பயன்படுத்தவும், சேவை பெறும் நாளில் உள்ள ஜிஎஸ்டி பொருந்தும்” என்று எழுதலாம். பரிசு கொடுப்பவருக்குத் தொகை வெளியே தெரிவது கூச்சமாக இருந்தால் தொகையைப் பின்பக்கம் போடலாம்.